எல்லாவற்றையும் அணைத்த பிறகும் 140 வாட்ஸ்!

வீட்டுக் கரன்ட் செலவைச் செல்போனில் காட்டும் கருவிகளைப் பற்றிப் போன மாதம் இரண்டே வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளே இந்தப் பக்கத்தை நிரப்பிவிட்டன. கீசர், மிக்ஸி கேள்விக்காரர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெயின் ஸ்விட்ச் இருக்கும் டிபி பாக்ஸுக்குள் மெயின் ஒயரைக் கவ்விக்கொள்ளும் கிளாம்ப் ஒன்று மாட்டியிருக்கிறேன். ராத்திரி லைட், ஃபேன், டிவி எல்லாம் அணைத்து, ஃப்ரிட்ஜ் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் 140 வாட்ஸ் காட்டுகிறது. யாரோ நம் லைனில் கொக்கி போட்டிருக்கிறார்கள் என்று வீட்டில் சந்தேகம். மாடியில் குடியிருப்பவரோடு பேச்சே நின்றுபோய்விட்டது. என்னதான் சார் நடக்கிறது?
— வாசகர், கோயம்புத்தூர்

முதல் வேலையாக மாடி வீட்டுக்காரரிடம் போய்ப் பேசிவிடுங்கள். அப்புறம் கருவிக்கு வரலாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி போகிறபோக்கில் இருந்தது: "ஈபி மீட்டரில் சிவப்பு விளக்கு எப்போதோ ஒருமுறைதான் மினுக்குகிறது." அதைப் பிடித்துக்கொண்டுதான் உங்களுக்குப் போன் செய்து, பத்து மினுக்கலுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கச் சொன்னேன். 4 நிமிடம் 10 விநாடி என்றீர்கள். அதாவது 250 விநாடி.

மற்ற வாசகர்களுக்காக அந்தக் கணக்கு. மீட்டர் முகப்பில் அந்த விளக்குக்குப் பக்கத்தில் 3200 என்று போட்டிருக்கும். 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று பொருள். முதல் மினுக்கலைப் பூஜ்யம் என்று எண்ண ஆரம்பித்து, பத்தாவது மினுக்கல் வரை ஆகும் விநாடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 11,250ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் வருவதுதான் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட்ஸ். மீட்டரில் 1600 என்று இருந்தால் 22,500ஐ வகுக்க வேண்டும். கடிகாரமும் பொறுமையும் போதும். இந்தக் கணக்கை நான் ஒரு சீட்டில் எழுதி மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு 11,250ஐ 250ஆல் வகுத்தால் 45 வாட்ஸ். இன்வெர்ட்டர், வைஃபை ரூட்டர், வாசல் கேமரா இந்த மூன்றும் இரவெல்லாம் விழித்திருக்கின்றன என்றீர்களே, அவற்றுக்கு அது சரியான கணக்குதான். கொக்கியும் இல்லை, திருட்டும் இல்லை. மிச்சம் 95 வாட்ஸ் எங்கிருந்து வந்தது?

உங்கள் கிளாம்புக்கு ஆம்பியர் மட்டும்தான் தெரியும். வோல்ட்டேஜைப் பார்ப்பதற்கு அதில் தனி ஒயர் இல்லை. 0.61 ஆம்பியர் ஓடுகிறது என்று பார்க்கிறது, அதை 230ஆல் பெருக்கி 140 என்று சொல்லிவிடுகிறது. ஆனால் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கனத்த டிரான்ஸ்ஃபார்மர் இழுக்கும் கரன்ட்டில் பெரும்பகுதி கைமாற்று மாதிரி. விநாடிக்கு 100 தடவை வாங்கி, வாங்கிய கையோடு லைனுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். ஒயரில் அது ஓடுவது உண்மை. ஆனால் செலவாகவில்லை. ஈபி மீட்டர் கரன்ட்டையும் வோல்ட்டேஜையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதால் அந்தக் கைமாற்றைக் கழித்துவிட்டு உண்மையான செலவை மட்டும் எழுதுகிறது. மலிவான எல்இடி பல்புகளும் ஏறக்குறைய இப்படித்தான். பவர் ஃபேக்டர் 0.5 உள்ள, அதாவது வோல்ட்டேஜையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் பாதிதான் உண்மையான செலவு என்று உள்ள, 9 வாட்ஸ் பல்பை உங்கள் கருவி 18 வாட்ஸ் என்று சொல்லும். பத்து பல்பு போட்டால் அங்கேயே 90 வாட்ஸ் பொய்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஒயர்மேனை வைத்து மெயினை அணைத்துவிட்டு, கிளாம்பைக் கழற்றி, வாயை மூடி, எந்த ஒயரையும் கவ்வாமல் டிபி பாக்ஸுக்குள்ளேயே தொங்கவிட்டு மறுபடி மெயினைப் போடச் சொல்லுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். 10, 20 என்று காட்டினால் அதுதான் அசல் இரைச்சல், அதாவது இல்லாத கரன்ட்டை இருப்பதாகக் காட்டுவது. 100 ஆம்பியர் கிளாம்ப் என்றால் பெரும்பாலும் 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் வெளியே கொடுக்கும். ராத்திரியில் உங்கள் வீட்டில் ஓடுகிற உண்மையான செலவுக்கு 0.2 ஆம்பியர் என்று வைத்தால், கிளாம்பிலிருந்து வருவது 0.1 மில்லி ஆம்பியர். அத்தனை மெல்லிய சத்தத்தைக் கேட்கக் காதைத் தீட்டி வைத்திருக்கும் கருவிக்கு, பக்கத்து ஒயர் முணுமுணுப்பதும் கேட்கத்தான் செய்யும். கிளாம்பின் இரண்டு மெல்லிய ஒயரையும் முறுக்கிவிட்டு, கனத்த ஒயர்களோடு சேர்த்துக் கட்டாமல் தனியாக ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கிளாம்பின் வாய் "டிக்" என்று முழுதாக மூட வேண்டும். நடுவில் ஒரு துளி சுண்ணாம்புத் தூசி இருந்தாலும் கணக்கு மாறும். ஒயர் நுனியைக் கருவியில் சொருகிய பிறகுதான் கிளாம்பை மெயின் ஒயரில் கவ்வ வேண்டும், முன்னதாக அல்ல. சும்மா விட்ட கிளாம்பின் நுனியில் வோல்ட்டேஜ் ஏறும்.

தோட்டத்து மோட்டாரை நிறுத்தினால் கருவி அப்படியே உறைந்துபோகிறது. ரீசெட் செய்தால் சரியாகிறது. தினமும் இதே கதை. கருவி சரியில்லையா, மோட்டார் சரியில்லையா?
— வாசகர், நாமக்கல்

இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். இதில் எனக்குச் சொந்த அனுபவமே உண்டு.

நானே ஒரு கருவி கட்டினேன். சின்ன சர்க்யூட் போர்டு, ஒரு வைஃபை சிப், பழைய செல்போன் சார்ஜர் ஒன்று. இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் கடையில் இருக்கும்போது வீட்டுக்காரம்மா போன் செய்து, "மோட்டாரை நிறுத்திட்டேன், ஆனா உங்க பெட்டி இன்னும் ஓடுதுன்னு சொல்லுது, தொட்டி வழியப்போகுதோ என்னவோ" என்றார். மாடிக்கு ஏறிப் பார்த்தால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லையாம். பெட்டி மட்டும் 980 வாட்ஸில் நின்றுகொண்டிருந்தது. மோட்டார் நின்ற அந்த நொடியில் அதற்கு மூச்சு நின்றிருக்கிறது.

நான் தொழிலுக்கு வந்தது ரேடியோ மெக்கானிக்காக. சின்ன வயதில் திருச்சி வானொலியை 936இல் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்போம். பக்கத்து வீட்டில் டியூப்லைட் கண்சிமிட்ட ஆரம்பித்தால் போதும், பாட்டு போய் "கர்ர்" என்று ஆகிவிடும். அந்தப் பழக்கத்தில் பரணிலிருந்து பழைய டிரான்சிஸ்டரை இறக்கி, மீடியம் வேவில் எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் வைத்து, மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன். பட்டனை அழுத்தச் சொன்னேன். ஸ்டார்ட்டர் "டப்" என்று விட்டதும் ரேடியோ "கர்ரக்" என்றது. சார்ஜர் இருந்த பிளக் வரைக்கும் நடந்து வந்து பார்த்தேன். ஒயர் போகிற வழியெல்லாம் அதே "கர்ரக்."

ஸ்டார்ட்டருக்குள் காந்தத்தால் இயங்கும் கான்டாக்டர் என்ற ஸ்விட்ச் இருக்கிறது. அதன் காயிலுக்குக் கரன்ட்டைத் துண்டிக்கும்போது அதில் தேங்கியிருக்கும் காந்தச் சக்தி போக இடமில்லாமல் ஒரு பெரிய வோல்ட்டேஜாகக் குதிக்கும். பட்டன் முனையில் தீப்பொறி வரும். என்னுடைய ஸ்டார்ட்டரைத் திறந்தபோது முனைகள் கரிப்பிடித்து, சட்டியின் அடிபோல இருந்தன. அந்தக் குதிப்பு லைனில் ஏறி, சார்ஜர் வழியாகக் கருவிக்குள் புகுந்துவிடுகிறது. பிளாட்பாரச் சார்ஜர்களுக்குள் வடிகட்டி என்று ஒன்றும் இருப்பதில்லை.

மூன்று வேலை செய்தேன். முனைகளை மாற்றினேன். சார்ஜரை நல்லதாக வாங்கி, மோட்டார் லைனில் இல்லாத வேறு பிளக்கில் சொருகினேன். காயிலின் இரண்டு முனைக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் 100 ஓம் ரெசிஸ்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் போட்டேன். கெபாசிட்டர் மேல் எக்ஸ்2 என்றும் 275 வோல்ட் ஏசி என்றும் எழுதியிருக்க வேண்டும், கடைக்காரர் வேறு எதையாவது நீட்டினால் வாங்காதீர்கள். இது 230 வோல்ட் காயிலுக்கு. உங்கள் தோட்டத்தில் த்ரீ ஃபேஸ் என்றால் காயில் 415 வோல்ட்டாக இருக்கலாம். அதற்கென்று ரெடிமேடாகவே வருவதைக் கேட்டு வாங்கி, ஒயர்மேனை வைத்துப் போடுங்கள். தனியாகக் கையை விட வேண்டாம்.

என் பெட்டி அதற்குப் பிறகு உறையவில்லை. வீட்டுக்காரம்மா மட்டும் இன்னும் மாடிக்கு ஏறித்தான் தொட்டியைப் பார்க்கிறார்.

ஈபி மீட்டரின் மினுக்கும் விளக்கு மேல் ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை எடுக்கும் சென்சார் செய்தேன். மதியத்தில் இரண்டு மடங்கு காட்டுகிறது. சாயங்காலம் போர்டிகோ லைட் போட்டதும் ஒரே நிமிடத்தில் பல யூனிட் ஓடிவிடுகிறது!
— பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்

தம்பி, உன் சென்சாருக்கு எது மீட்டர் விளக்கு, எது போர்டிகோ விளக்கு என்று தெரியவில்லை. நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பல மின்விளக்குகள் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகின்றன. ஒவ்வொன்றையும் அது ஒரு மினுக்கல் என்று எண்ணுகிறது. நிமிடத்துக்கு 6000 எண்ணிக்கை, அதாவது கிட்டத்தட்ட இரண்டு யூனிட்! மதியத்தில் வெயில் இலைகளுக்கு நடுவே ஆடி ஆடி விழுகிறது, அதையும் எண்ணுகிறது.

சென்சாரைச் சுற்றி கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒரு குழல் செய்து வெளிச்சம் புகாமல் மூடு. அப்புறம் புரோகிராமில் ஒரே ஒரு விதி: ஒரு மினுக்கலுக்குப் பிறகு, அது எண்ணாமல் விட்டதாகவே இருந்தாலும், 100 மில்லிசெகண்டுக்குள் இன்னொன்று வந்தால் எண்ணாதே. 3200 மீட்டரில் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு மினுக்கல் என்றால் 11 கிலோவாட்டுக்கு மேல். உங்கள் வீடு அவ்வளவு இழுக்காது. விளக்கின் துடிப்போ 10 மில்லிசெகண்டுக்கு ஒன்று. அது தானாக அடிபட்டுப்போகும்.

ஆனால் ஒன்று. மீட்டரின் சீல் பக்கம் கை போகவே கூடாது. மீட்டரில் கை வைப்பதற்கென்றே 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் பிரிவுகள் இருக்கின்றன. வெளியே ஒட்டுவதையும் உங்கள் ஏரியா ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய். கணக்கெடுக்க வருபவர் டேப்பைப் பார்த்ததும் சந்தேகப்பட்டால் அவர் மேல் தப்பில்லை.

எல்இடி பல்பு போட்டால் எலக்ட்ரானிக் மீட்டர் ஆறு மடங்கு ஓடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ஏதோ வெளிநாட்டு ஆராய்ச்சியாம். உண்மையா? எல்லா பல்பையும் மாற்றிவிட்டு இப்போது பயமாக இருக்கிறது.
— வாசகி, சென்னை

ஆராய்ச்சி உண்மை. வாட்ஸ்அப்பில் அதன் வாலை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் லெஃபெரிங்க் என்ற பேராசிரியரின் குழு 9 எலக்ட்ரானிக் மீட்டர்களைச் சோதித்து, 2017இல் முடிவைச் சொன்னது. 2004 முதல் 2014 வரை செய்யப்பட்ட மீட்டர்கள் அவை. அவற்றில் 5 மீட்டர்கள் உண்மையைவிட மிக அதிகமாகக் காட்டின. உச்சமாக ஒன்று 582 சதவீதம் கூடுதல். இன்னும் 2 மீட்டர்கள் 30 சதவீதம் குறைவாகக் காட்டின. இந்தக் குறைத்துக் காட்டிய கதையை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை பாருங்கள்!

பல்பு போட்டதால் மட்டும் அப்படி ஆகவில்லை. எல்இடி, சிஎஃப்எல் பல்புகளை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஒன்றோடு சேர்த்துப் போட்டார்கள். டிம்மர் ஒவ்வொரு அலையையும் பாதியில் வெட்டி, திடீரென்று திறந்துவிடும். கரன்ட் மெல்ல ஏறாமல் செங்குத்தாகக் குதிக்கும். அதிகமாகக் காட்டிய மீட்டர்களுக்குள் இருந்தது ரோகோவ்ஸ்கி காயில் என்ற வகைச் சுருள். கரன்ட் எவ்வளவு என்பதைவிட, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைத்தான் அது உணரும். செங்குத்துக் குதிப்பு வந்ததும் மிரண்டுவிட்டது. பரிசோதனைச் சாலையில் வேண்டுமென்றே உண்டாக்கிய மோசமான நிலைமை அது. உங்கள் வீட்டு பில்லுக்கு அதை அளவுகோலாக வைக்க முடியாது.

சந்தேகம் தீர வேண்டுமா? வெந்நீர் போடும் ராடு ஒன்றை, 1000 வாட்ஸ் என்று எழுதியதை, பக்கெட் தண்ணீரில் முக்கி வைத்து, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மேலே சொன்ன பத்து மினுக்கலை எண்ணுங்கள். 11 விநாடிக்குக் கொஞ்சம் மேல் வர வேண்டும். இஸ்திரிப் பெட்டி வேண்டாம், நடுவில் தானாக அணைந்து கணக்கைக் கெடுக்கும். ராடு ஓடும்போது தண்ணீரில் கை வைக்காதீர்கள், பிள்ளைகளையும் அண்டவிடாதீர்கள். 13 விநாடி வந்தால் உடனே மீட்டர் ஸ்லோ என்று முடிவு கட்ட வேண்டாம். ராடின் 1000 வாட்ஸ் 230 வோல்ட்டுக்கு. லைனில் 210தான் வருகிறது என்றால் அதே ராடு 834 வாட்ஸ்தான் எடுக்கும், அப்போது பதின்மூன்றரை விநாடி ஆவதுதான் சரி. இவ்வளவு பார்த்த பிறகும் கணக்கு இடித்தால், மீட்டரைச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துக் கட்டணம் கட்டலாம்.

எல்லாம் முடிந்ததும் அதே ராடை எடுத்துவிட்டு உங்கள் எல்இடி பல்புகளை மட்டும் எரியவிட்டுப் பாருங்கள். பத்து பல்புக்கு 90 வாட்ஸ் என்றால் பத்து மினுக்கலுக்கு இரண்டு நிமிடம் ஐந்து விநாடி. மீட்டர் பெட்டியில் கொசுக்கடி வாங்காமல் இருக்க ஒரு சுருள் கொளுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

பிளக்கில் சொருகினால் கரன்ட் பில்லை 30 சதவீதம் குறைக்கும் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். என் கண் முன்னாலேயே கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் குறைந்ததைக் காட்டினார்கள்!
— வாசகர், விருதுநகர்

குறைந்திருக்கும். அவர்கள் காட்டியது ஆம்பியர், நீங்கள் காசு கொடுப்பது யூனிட்டுக்கு. கோயம்புத்தூர்க்காரருக்குச் சொன்ன அதே கைமாற்றுதான். அவர்கள் மேஜையில் ஒரு மோட்டார் ஓடியிருக்கும், பெட்டிக்குள் இருக்கும் கெபாசிட்டர் அந்தக் கைமாற்றைப் பக்கத்திலேயே கொடுத்து வாங்கிக்கொள்ளும், அதனால் ஒயரில் ஆம்பியர் குறையும். வீட்டு மீட்டர் அந்தக் கைமாற்றுக்கு முன்னாலும் காசு வாங்கவில்லை, இப்போதும் வாங்கவில்லை.

இந்த மாதிரிப் பெட்டி ஒன்றை நான் திறந்து பார்த்தேன். ஒரு பச்சை விளக்கு, 4 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், கனம் தெரிவதற்காக அடியில் கொஞ்சம் சிமென்ட் மாதிரி ஏதோ ஒன்று. தனியாக ஒரு பிளக்கில் சொருகிக் கிளாம்ப் கருவியில் பார்த்தால் 66 வாட்ஸ் என்றது. மீட்டர் விளக்கு அசையவே இல்லை.

மீட்டர் பக்கம் ஒரு டிரான்ஸ்மிட்டர், ஹாலில் ஒரு டிஸ்பிளே. இரண்டும் ரேடியோவில் பேசிக்கொள்ளும். சாயங்காலம் 6 மணிக்கு மேல் டிஸ்பிளேயில் கோடு மட்டும் வருகிறது. பத்து மணிக்குத் தானாகச் சரியாகிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, மயிலாடுதுறை

நேரத்தை இவ்வளவு சரியாக எழுதியதற்கு நன்றி டீச்சர். பாதி விடை அதிலேயே இருக்கிறது. 6 மணிக்கு எது எரிகிறது, 10 மணிக்கு எது அணைகிறது? ஃபால்ஸ் சீலிங்கில் எல்இடி ஸ்டிரிப் லைட் இருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். பல்பைவிட அதற்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவர் பெட்டிதான் குற்றவாளி. அதற்குள் விநாடிக்குப் பல ஆயிரம் தடவை கரன்ட்டை வெட்டி வெட்டிக் கொடுக்கிறார்கள். அந்த வெட்டின் சத்தம் ரேடியோ அலையாகப் பரவி உங்கள் டிஸ்பிளேயின் காதை அடைக்கிறது.

வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்று ஒரு கிராமம். தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுக்க இன்டர்நெட் போய்விடும். ஒன்றரை வருஷம் கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தும் தீரவில்லை. கடைசியில் 2020இல் இன்ஜினியர்கள் ஒரு கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு விடிகாலையில் மழையில் தெருத்தெருவாக நடந்து கண்டுபிடித்தார்கள்: ஒரு வீட்டில் 7 மணிக்குப் போடும் பழைய டிவி. வீட்டுக்காரர் நொந்துபோய் அதை அணைத்தவர், மறுபடி போடவே இல்லையாம்.

உங்களுக்கு அந்தக் கருவி தேவையில்லை. நாமக்கல்காரருக்குச் சொன்ன டிரான்சிஸ்டர் போதும். அதை ஸ்டிரிப் லைட்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு யாரையாவது ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். "உய்ங்" என்ற சத்தம் லைட்டோடு வந்து லைட்டோடு போனால் ஆள் அகப்பட்டது. டிரைவரை நல்ல கம்பெனியாகப் பார்த்து மாற்றுங்கள். அதுவரைக்கும் டிஸ்பிளேயை ஸ்டிரிப் லைட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். அதிலேயே சரியாகிவிட்டதாக இரண்டு பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

வைஃபை கருவியை டிபி பாக்ஸுக்குள் வைத்து மூடினால் சிக்னல் போகிறது, திறந்தால் வருகிறது.
— வாசகர், ஓசூர்

இரும்பு டிபி பாக்ஸ்தானே? இரும்பு வைஃபை அலையை மறைத்துவிடும். கிளாம்ப் உள்ளே இருக்கட்டும். கருவியைப் பிளாஸ்டிக் பெட்டியில் வெளியே வைத்து, பக்கவாட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டு ஒயரை இழுத்துக்கொள்ளுங்கள். பாக்ஸைத் திறந்தே வைக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், ஓணான் ஏறும்.